ஒரே நாளில் 14,840 பேர் – ஒரு ஸ்கேன் படத்தின் கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

2021 மே மாசம். சித்தப்பாவுக்கு அஞ்சு நாளா காய்ச்சல், இருமல். மூக்குல குச்சி விட்டு எடுத்த டெஸ்ட் நெகட்டிவ். "அப்பாடா"ன்னு இருந்தோம். ஆறாவது நாள் மாடிப்படி ஏறினவர் பாதியிலயே உக்காந்துட்டார். டாக்டர் நெஞ்சுக்கு சிடி எடுக்கச் சொன்னார். எடுத்தோம். ரிப்போர்ட்ல 'ஸ்கோர் 11/25'னு போட்டு, கீழே 'கிரவுண்ட் கிளாஸ் ஒபாசிட்டி'ன்னு என்னமோ எழுதியிருந்தது.

அந்தப் பெரிய கவரைக் கையில வெச்சுக்கிட்டு நானும் தம்பியும் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசல்லயே கேட்ட முதல் கேள்வி, "பாசிட்டிவ் ரிப்போர்ட் இருக்கா?" இல்லை. "அப்ப கோவிட் வார்டுல போட முடியாதுங்க." சரி, சாதா வார்டு? "படத்துல கோவிட் மாதிரி இருக்கே, அங்க எப்படிங்க போடுறது?" இதுக்கு என்ன பதில் சொல்றது? வெளியில ஆட்டோவுக்குள்ள சித்தப்பா மூச்சு வாங்கிட்டு இருக்கார். மூணாவதா போன இடத்துல ஒரு டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாங்க. "ரிப்போர்ட் வரும்போது வரட்டும், மொதல்ல ஆக்சிஜன் வைங்க"ன்னாங்க. சித்தப்பா பிழைச்சுட்டார். இப்பவும் பேத்தியைப் பள்ளிக்கூடத்துல விடுறது அவர்தான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம மொபைல்ல நோண்டிக்கிட்டு இருந்தப்பதான் ஒண்ணு தெரிஞ்சுது. நாங்க மூணு பேர் ஆட்டோவுல மாட்டிக்கிட்டு முழிச்ச அதே கேள்வியில, அதுக்கு 15 மாசம் முன்னாடி ஒரு ஊரே மாட்டிக்கிட்டு முழிச்சிருக்கு. ஒரு டெஸ்ட் "இல்லை"ங்குது. ஒரு படம் "இருக்கு"ங்குது. யாரை நம்புறது? அந்த ஊர் வூஹான்.

*

கதை 2019 டிசம்பர் 26ல ஆரம்பிக்குது. வூஹான்ல ஹூபெய் மாகாணத்துச் சீன-மேற்கத்திய ஒருங்கிணைந்த மருத்துவமனைன்னு ஒண்ணு. அங்க நுரையீரல் பிரிவுத் தலைவி டாக்டர் ஜாங் ஜிஷியான். பக்கத்துக் குடியிருப்புல இருந்து ஒரு வயசான தம்பதி வர்றாங்க. காய்ச்சல், இருமல், அசதி. டிசம்பர் மாசக் குளிர்ல இதெல்லாம் சகஜம். ஆனா சிடி படம் சாதாரண ஃப்ளூ மாதிரியும் இல்லை, வழக்கமான நிமோனியா மாதிரியும் இல்லை.

இந்தம்மா 2003லயே வூஹான்ல சார்ஸ் சந்தேக நோயாளிகளைப் பார்த்தவங்க. சட்டுன்னு ஒரு வேலை பண்ணாங்க. கூட வந்திருந்த மகனைக் கூப்பிட்டு, "நீயும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கோப்பா"ன்னாங்க. அவனுக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. காசு புடுங்கத்தான் இப்படிச் சொல்றாங்கன்னு நெனச்சு முதல்ல முடியாதுன்னுட்டான். (நம்ம ஊரா இருந்தா நாமளும் அதைத்தானே நெனச்சிருப்போம்?) அப்புறம் வற்புறுத்தி எடுக்க வெச்சாங்க. அவன் நுரையீரல்லயும் அதே மாதிரி மாற்றம்.

ஒரே வீட்டுல மூணு பேருக்கு ஒரே மாதிரி படம்னா அது தொத்து வியாதியாத்தான் இருக்கணும். ஃப்ளூவுக்கான டெஸ்ட் நெகட்டிவ். டிசம்பர் 27ஆம் தேதி அவங்க மேலிடத்துக்குத் தகவல் சொல்லிட்டாங்க. 29ஆம் தேதிக்குள்ள அந்த ஒரே ஆஸ்பத்திரியில இதே மாதிரி ஏழு பேர் சேர்ந்தாச்சு. 31ஆம் தேதி உலகத்துக்கே செய்தி வந்துது.

கவனிங்க. அப்போ இந்த வைரஸுக்குப் பேரே கிடையாது. அதைக் கண்டுபிடிக்க டெஸ்ட்டும் கிடையாது. அந்தம்மா கையில இருந்தது மூணு கறுப்பு வெள்ளைப் படமும், 2003ஓட ஞாபகமும்தான். "இது இன்ன வைரஸ்"னு அவங்க சொல்லவே இல்லை. "இங்க ஏதோ சரியில்லை, இது பரவுது"ன்னு மட்டும் சொன்னாங்க. கதையோட கடைசியில இதுக்குத் திரும்ப வருவேன்.

*

நம்மள மாதிரி பொட்டி தட்டுற ஆளுங்களுக்கு இந்த சிடி மெஷின் கதை ரொம்பப் பிடிக்கும். ஏன்னா இதைச் செஞ்சவரும் ஒரு வகையில பொட்டி தட்டுறவர்தான். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். இங்கிலாந்துல ஒரு விவசாயி வீட்டுப் பையன். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது, டிப்ளமாதான். இஎம்ஐ கம்பெனியில கம்ப்யூட்டர் டிசைன் பண்ணிக்கிட்டு இருந்தார். ஆமா, பீட்டில்ஸ் பாட்டுத் தட்டெல்லாம் போட்ட அதே இஎம்ஐதான். பீட்டில்ஸ் காசுலதான் சிடி ஸ்கேன் பொறந்துதுன்னு ஒரு கதை சுத்திக்கிட்டே இருக்கும். முழுசா நம்பாதீங்க. பிரிட்டன் அரசோட சுகாதாரத் துறையும் கணிசமா பணம் போட்டுச்சு.

சாதா எக்ஸ்ரேயில என்ன பிரச்சினைன்னா, முன்னாடி இருக்கற எலும்பு, நடுவுல நுரையீரல், பின்னாடி முதுகு எல்லாமே ஒண்ணு மேல ஒண்ணா ஒரே படத்துல விழுந்துடும். ஹவுன்ஸ்ஃபீல்ட் யோசிச்சது இதுதான்: ஒரு பொருளைச் சுத்திச் சுத்திப் பல கோணத்துல இருந்து எக்ஸ்ரே விட்டு, எவ்வளவு உள்ளே நின்னுச்சு, எவ்வளவு வெளியே வந்துச்சுன்னு அளந்துக்கிட்டா, உள்ளே எந்த இடத்துல என்ன அடர்த்தின்னு கணக்குப் போட்டே கண்டுபிடிச்சுடலாம். சுடோகு மாதிரின்னு வெச்சுக்கோங்க. வரிசைக் கூட்டலும் தெரியும், பத்தியோட கூட்டலும் தெரியும், கட்டத்துக்குள்ள என்ன எண்ணுன்னு தேடணும். இதே கணக்கை ஆலன் கார்மாக்ங்கற இயற்பியல்காரர் தனியா போட்டு 1963லயும் 64லயும் வெளியிட்டிருந்தார். அப்போ யாரும் பெருசா கண்டுக்கல.

ஹவுன்ஸ்ஃபீல்டோட முதல் சோதனை மெஷின் ஒரே ஒரு படத்துக்கான அளவுகளை எடுக்க ஒன்பது நாள் ஆச்சு. 1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டன்ல விம்பிள்டன் பக்கத்துல இருக்கற அட்கின்சன் மார்லி மருத்துவமனையில முதல் நோயாளியோட மூளையைப் படம் எடுத்தாங்க. 80க்கு 80 கட்டம், அதாவது மொத்தமே 6,400 புள்ளி. இன்னிக்கு நம்ம போன்ல ஒரு ஐகான் அதைவிடப் பெருசா இருக்கும். ஆனா உயிரோட இருக்கற மனுஷன் மூளைக்குள்ள இருந்த கட்டி அதுல தெரிஞ்சுது. 1979ல ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் சேர்த்து மருத்துவ நோபல் கொடுத்தாங்க.

முதல்ல மூளையை எடுத்ததுக்கு ஒரு காரணம் உண்டு. தலையை ஆட்டாம வெச்சுக்கலாம், நுரையீரலை முடியுமா? மூச்சு விட்டாலே அசையும். 1990 வாக்குல, உடம்பைச் சுத்தி மெஷின் சுழலும்போதே படுக்கையும் நகர்ற 'ஸ்பைரல்' முறை வந்த பிறகுதான் ஒரே மூச்சடக்குல நெஞ்சு முழுக்கப் படம் எடுக்க முடிஞ்சுது. "மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க" அவ்வளவுதான்.

சிடி படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு. அதுக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் யூனிட்னு அவர் பேரையே வெச்சிருக்காங்க. தண்ணி 0, காத்து -1000. நுரையீரல் பெரும்பாலும் காத்துங்கறதால படத்துல கறுப்பா இருக்கும். கிருமி வந்து காத்துப் பைக்குள்ள கொஞ்சம் நீர் கோத்துக்கிட்டா அந்த இடம் சாம்பலா மாறும். ஆனா உள்ளே ஓடுற ரத்தக் குழாய் இன்னும் மங்கலா தெரியும். இதுதான் சித்தப்பா ரிப்போர்ட்ல இருந்த 'கிரவுண்ட் கிளாஸ்'. நம்ம வீட்டு பாத்ரூம் ஜன்னல்ல போடுவாங்களே, வெளிச்சம் வரும், ஆளு தெரியாது, அந்த மாதிரி கண்ணாடி. அதுவே ரத்தக் குழாயும் தெரியாத அளவுக்கு முழுசா வெள்ளையா அடைச்சுக்கிட்டா அதுக்கு வேற பேர், கன்சாலிடேஷன்.

கோவிட்ல இந்த சாம்பல் திட்டு பெரும்பாலும் ரெண்டு பக்க நுரையீரல்லயும், ஓரத்துலயும், அடிப் பகுதியிலயும் வரும். பார்த்துப் பழகின கண்ணுக்குச் சட்டுன்னு பிடிபடும். ஆனா ஒரு பெரிய 'ஆனா' இருக்கு. ஃப்ளூவும் இதே மாதிரி திட்டு போடலாம். சார்ஸும் போட்டுது. சில மருந்தோட பக்க விளைவுகூட போடும். பாத்ரூம் கண்ணாடிக்குப் பின்னாடி யாரோ நிக்கறாங்கன்னு தெரியும். யாருன்னு எப்படிச் சொல்றது?

*

இதுல ஏற்கனவே ஒரு ஒத்திகை நடந்திருந்தது. 2002 கடைசியில தென் சீனாவுல ஆரம்பிச்ச சார்ஸ். மொத்தம் 8,096 பேருக்கு வந்து 774 பேர் இறந்துபோனாங்க. புது நோய், உருப்படியான டெஸ்ட் கையில இல்லை. அதனால உலக சுகாதார நிறுவனம், சந்தேக நோயாளிக்கு நெஞ்சு எக்ஸ்ரேயில நிமோனியா மாதிரி தெரிஞ்சா 'அநேகமா சார்ஸ்'னு சேர்த்துக்கச் சொல்லுச்சு. அதாவது, ஒரு நோயாளி கணக்குக்குள்ள வர்றதுக்கு அன்னிக்கே படம்தான் டிக்கெட்டா இருந்திருக்கு. சிலருக்கு எக்ஸ்ரே சுத்தமா இருந்தும் சிடியில திட்டு தெரிஞ்சதை ஹாங்காங் டாக்டர்கள் அப்பவே எழுதி வெச்சாங்க.

2020ல நிலைமையே வேற. ஜனவரி 11ஆம் தேதி வைரஸோட மரபணு வரிசை வெளியாயிடுச்சு. அதை வெச்சுச் சில நாள்லயே பிசிஆர் டெஸ்ட் தயார். 2003ஓட ஒப்பிட்டா அசுர வேகம்தான். ஆனா டெஸ்ட் இருக்கறது வேற, அது கோடிப் பேர் இருக்கற ஊருக்குப் பத்துறது வேற. ஜனவரி 23 அன்னிக்கு வூஹானைப் பூட்டினாங்க. கிட் பத்தல, லேப் பத்தல, ரிசல்ட் வர நாள் கணக்காச்சு.

அதோட பிசிஆர்லயே ஒரு சிக்கல். குச்சியில வைரஸ் ஒட்டினாதான் டெஸ்ட்டால கண்டுபிடிக்க முடியும். சரியா எடுக்கலைன்னா நெகட்டிவ். நாள் போகப் போகத் தொண்டையில வைரஸ் குறைஞ்சு நுரையீரல்ல வேலையைக் காட்டிக்கிட்டு இருந்தாலும் நெகட்டிவ் வரலாம்.

லீ வென்லியாங் பேரைக் கேட்டிருப்பீங்க. டிசம்பர் 30 அன்னிக்கே நண்பர்களை எச்சரிச்சு, அதுக்காகப் போலீஸ்ல கண்டிக்கப்பட்ட கண் டாக்டர். ஜனவரி 12ல ஆஸ்பத்திரியில சேர்ந்தார். மூச்சு விடச் சிரமம், எழுந்து நடமாட முடியலை. ஆனா டெஸ்ட் நெகட்டிவ், மறுபடியும் நெகட்டிவ். பிப்ரவரி 1ஆம் தேதிதான் பாசிட்டிவ் வந்துது. ஒருவழியா உறுதியாயிடுச்சுன்னு அவரே இணையத்துல எழுதினார். ஆறே நாள்ல, பிப்ரவரி 7ல இறந்துட்டார். ஆஸ்பத்திரியிலயே படுத்திருந்த ஒரு டாக்டருக்கே மூணு வாரம் ஆச்சுன்னா, வெளியில வரிசையில நின்ன சனங்களோட கதியை யோசிச்சுப் பாருங்க.

ஏன்னா அப்போ பாசிட்டிவ் காகிதம் இருந்தாதான் கோவிட் ஆஸ்பத்திரியில படுக்கை. காகிதம் இல்லைன்னா வீட்டுக்குப் போகணும். வீட்டுல அம்மா, அப்பா, குழந்தைங்க எல்லாரும் ஒரே அறையில. சிடி படத்துல ரெண்டு நுரையீரலும் வெளுத்துக் கிடக்கு, ஆனா காகிதப்படி அவருக்கு நோயே இல்லை!

*

பிப்ரவரி 3ஆம் தேதி வூஹான் பல்கலைக்கழகத்தோட ஜோங்நான் மருத்துவமனையில இருந்து ஒரு குரல் வந்துச்சு. படப் பிரிவு டாக்டர் ஜாங் ஷியாவ்சுன். (முன்னாடி சொன்னவங்க ஜாங் ஜிஷியான், இவங்க வேற.) டெஸ்ட்டையே கட்டிக்கிட்டு அழாதீங்க, சிடியைப் பிரதான ஆதாரமா வெச்சு நோயாளியைப் பிரிச்செடுங்கன்னு வீசாட்ல எழுதினாங்க. அது தீ மாதிரி பரவிச்சு.

சீன சுகாதார ஆணையம் தன்னோட வழிகாட்டியை மாத்துச்சு. ஐந்தாம் பதிப்புல, ஹூபெய் மாகாணத்துக்கு மட்டும் 'மருத்துவக் கணிப்பு'ன்னு ஒரு புது வகை. சந்தேக நோயாளியா இருந்து, படத்துல நிமோனியா இருந்தா போதும், டெஸ்ட் பாசிட்டிவ் வேண்டாம், நோயாளின்னே சேர்த்துக்கலாம்.

இந்தக் கணக்கு முதல் தடவையா சேர்ந்தது பிப்ரவரி 12ஆம் தேதிக்கான அறிக்கையில. 13ஆம் தேதி காலையில வெளியிட்டாங்க. முந்தின நாள் ஹூபெய்ல புது நோயாளிங்க 1,638. அன்னிக்கு 14,840! உலகமே ஆடிப்போச்சு. ஒரே நாள்ல ஒன்பது மடங்கு.

ஆனா அந்த ஒரு ராத்திரியில வைரஸ் ஒண்ணும் ஒன்பது மடங்கு ஆகலைங்க. 14,840ல 13,332 பேர் இந்தப் புது வகையில வந்தவங்க. கழிச்சுப் பாருங்க, மிச்சம் 1,508. கிட்டத்தட்ட முந்தின நாள் கணக்குதான். அந்தப் பதிமூணாயிரம் பேரும் ஏற்கனவே இருமிக்கிட்டு இருந்தவங்கதான். வரையறையில ஒரு வரி மாறினதும் கண்ணுக்குத் தெரிஞ்சாங்க, அவ்வளவுதான். நம்ம ஆளுங்களுக்குச் சொல்லணும்னா, டேட்டா அப்படியேதான் இருந்துச்சு, வடிகட்டுற கண்டிஷன்தான் மாறுச்சு.

இந்தப் பதிவை எழுதத் தூண்டினதே இந்த எண்தான். பேப்பர்ல அது ஒரு பயமுறுத்துற தலைப்பு. என் கண்ணுக்கோ அது 13,332 ஆட்டோ. "பாசிட்டிவ் ரிப்போர்ட் இருக்கா?"ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பின 13,332 பேருக்குக் கதவு திறந்த நாள்.

அதிகநாள் நீடிக்கல. பிப்ரவரி 19ல ஆறாம் பதிப்பு வந்து அந்த வகையை எடுத்துட்டாங்க. அதுக்குள்ள டெஸ்ட் பண்ற வசதி பெருகியிருந்தது. முந்தின நாள் 1,693ன்னு இருந்த எண்ணிக்கை அன்னிக்கு 349 ஆச்சு. படத்தை வெச்சுச் சேர்த்தவங்கள்ல டெஸ்ட் நெகட்டிவ் வந்தவங்களைக் கழிச்சதும் அதுல அடக்கம். ஏறினதும் பாதி கணக்கு, இறங்கினதும் பாதி கணக்கு.

*

சரி, படம் சொன்னது சரியா, தப்பா? பிப்ரவரி 26ல 'ரேடியாலஜி' இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. வூஹான் டோங்ஜி மருத்துவமனையில ஜனவரி 6ல இருந்து பிப்ரவரி 6 வரைக்கும் டெஸ்ட், சிடி ரெண்டும் எடுத்த 1,014 பேரோட கணக்கு. பிசிஆர் பாசிட்டிவ் 601 பேர். அவங்கள்ல 580 பேருக்குப் படத்துலயும் தெரிஞ்சுது. 97 சதவீதம்! உலகம் முழுக்க இந்த எண்ணைத்தான் தூக்கிப் பிடிச்சாங்க.

அடுத்த எண்ணை அவ்வளவா யாரும் பேசல. பிசிஆர் நெகட்டிவ் 413 பேர். அதுல 308 பேருக்குப் படத்துல நிமோனியா. டெஸ்ட்தான் உண்மைன்னு எடுத்துக்கிட்டா, நோய் இல்லாத நாலு பேர்ல மூணு பேரைப் படம் 'நோயாளி'ன்னு சொல்லியிருக்கு. ஆனா டெஸ்ட்தான் உண்மையான்னே தெரியாதே! லீ வென்லியாங்கே முதல்ல நெகட்டிவ் ஆனவர்தானே. ஆய்வாளர்கள் அந்த 308 பேரோட அறிகுறி, அடுத்தடுத்த படங்களை எல்லாம் திரும்பப் பார்த்து, 48 சதவீதம் பேருக்குக் கோவிட் இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம், 33 சதவீதம் பேருக்கு இருக்கலாம்னு முடிவு பண்ணாங்க.

பின்னாடி பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு, 2022ல இதை நிதானமா சொல்லுச்சு: நோய் உள்ளவங்கள்ல சுமார் 87 சதவீதம் பேரைச் சிடி பிடிக்கும், இல்லாதவங்கள்ல சுமார் 78 சதவீதம் பேரைச் சரியா விட்டுடும். நல்ல எண்தானேன்னு தோணும். ஒரு சின்னக் கணக்கு போடுவோம், இது என் கணக்கு.

வூஹான் மாதிரி நோய் கொழுந்துவிட்டு எரியற ஊர்ல, மூச்சுத் திணறி வர்ற 1,000 பேர்ல 500 பேருக்குக் கோவிட்னு வெச்சுக்கோங்க. படம் 435 பேரைப் பிடிக்கும், தப்பா 110 பேரையும் சேர்க்கும். 'இருக்கு'ன்னு படம் சொன்னா அஞ்சுல நாலு தடவை சரி. இப்போ நோய் அரிதான இன்னொரு ஊர். 1,000 பேர்ல 10 பேருக்குத்தான் நோய். படம் 9 பேரைப் பிடிக்கும். கூடவே தப்பா 218 பேரையும் சேர்க்கும். அதே மெஷின், அதே டாக்டர், ஆனா 'இருக்கு'ன்னு சொன்ன இருபத்தஞ்சு பேர்ல ஒருத்தருக்குத்தான் உண்மையிலேயே நோய். மெஷின் கெட்டுப்போகல. ஊர் மாறிடுச்சு.

சரி, படம் சுத்தமா இருந்தா நிம்மதியா வீட்டுக்குப் போகலாமா? அதுவும் கிடையாது. 2020ல வந்த 121 நோயாளிங்களோட ஆய்வுல, அறிகுறி ஆரம்பிச்சு ரெண்டு நாளுக்குள்ள ஸ்கேன் எடுத்த 36 பேர்ல 20 பேருக்குப் படம் சுத்தமா இருந்துச்சு. இன்னொரு பக்கம், ஜப்பான்ல நின்ன டயமண்ட் பிரின்சஸ் கப்பல்ல நோய் தொத்தியும் அறிகுறியே இல்லாத 76 பேரைப் படம் எடுத்தப்ப, 41 பேர் நுரையீரல்ல திட்டு. "காசு புடுங்கறீங்களா"ன்னு கேட்ட அந்த வூஹான் பையன் ஞாபகம் வருதா?

இதனாலதான் 2020 மார்ச் 11ல அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி, கோவிட்டைத் தேடுறதுக்கு முதல் சோதனையா சிடியை வைக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. நோயாளி ஒவ்வொருத்தர் போன பிறகும் அந்த அறையையும் மெஷினையும் சுத்தம் பண்ணணும், இல்லைன்னா ஸ்கேன் அறையே நோயைப் பரப்புங்கறது இன்னொரு கவலை. ஜூன் மாசம் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டி கொடுத்துச்சு. அறிகுறி இல்லாதவங்களுக்குக் கோவிட்டானு பார்க்கப் படம் வேண்டாம். அறிகுறி இருந்து, டெஸ்ட் வசதி இல்லைன்னாலோ, ரிசல்ட் வர லேட்டானாலோ, நெகட்டிவ் வந்தும் டாக்டருக்குச் சந்தேகம் பலமா இருந்தாலோ அப்போ படத்தையும் சேர்த்துப் பாருங்க.

அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படிங்க. டெஸ்ட் இல்லை, லேட்டு, நெகட்டிவ் ஆனா சந்தேகம். அப்படியே 2020 பிப்ரவரி வூஹான். எங்க ஆட்டோவும் அதுக்குள்ள வந்துடும்.

*

2021 ஏப்ரல், மே மாசத்துல நம்ம நாட்டுல நடந்தது இதுக்கு நேர் எதிர்க் கோடி. லேசா தொண்டை கரகரன்னாலே ஸ்கேன் சென்டர் வாசல்ல வரிசை. வாட்ஸப்ல "உங்க ஸ்கோர் என்ன?"ன்னு பிளஸ் டூ மார்க் கேக்கற மாதிரி விசாரிச்சுக்கிட்டாங்க. அந்த 25 எப்படி வருதுன்னா, வலது நுரையீரல்ல மூணு மடல், இடதுல ரெண்டு, ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு பாதிப்புன்னு 0ல இருந்து 5 வரைக்கும் மார்க். நுரையீரல் எவ்வளவு பாதிச்சிருக்குன்னு அது சொல்லும். பாதிச்சது எந்தக் கிருமின்னு சொல்லாது.

மே 3ஆம் தேதி எய்ம்ஸ் இயக்குநரா இருந்த ரன்தீப் குலேரியா, லேசான நோய்க்கெல்லாம் சிடி எடுக்காதீங்க, ஒரு சிடி 300-400 எக்ஸ்ரேக்குச் சமம்னு எச்சரிச்சார். அது பழைய மெஷின் கணக்கு, இப்போ அவ்வளவெல்லாம் இல்லைன்னு இந்திய ரேடியாலஜி சங்கம் மறுத்துச்சு. கதிர்வீச்சு எவ்வளவுங்கறதுலதான் சண்டை. தேவையில்லாம எடுக்கக் கூடாதுங்கறதுல ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

இப்போ, திரும்ப வருவேன்னு சொன்ன இடத்துக்கு வர்றேன். டிசம்பர் 26ல டாக்டர் ஜாங் ஜிஷியான் பார்த்ததும் அதே சாம்பல் திட்டுதான். பிப்ரவரி 13 கணக்குல 13,332 பேரைச் சேர்த்ததும் அதே திட்டு. 2021ல நம்ம வாட்ஸப்ல மார்க்கா சுத்தினதும் அதே திட்டு. படத்துக்கிட்ட கேட்ட கேள்விதான் ஒவ்வொரு தடவையும் வேற. "இங்க ஏதாவது சரியில்லாம இருக்கா?"ன்னு கேட்டப்ப அது நேர்மையா பதில் சொல்லுச்சு. "இந்த மனுஷனுக்கு இப்போ ஒரு படுக்கை தரணுமா?"ன்னு கேட்டப்பவும் ஓரளவு சரியாவே சொல்லுச்சு. "இது இன்ன வைரஸா?"ன்னு கேட்டப்பதான் தடுமாறுச்சு. அதுக்குப் பதில் சொல்றதுக்காக அந்த மெஷினை யாரும் செய்யலையே.

அந்த மூணாவது ஆஸ்பத்திரி டாக்டரம்மா "இது கோவிட்டா?"ன்னு யோசிச்சுக்கிட்டு நிக்கலைன்னு இப்போ புரியுது. படத்தைப் பார்த்தாங்க, ஆளைப் பார்த்தாங்க, ஆக்சிஜன் வெச்சாங்க. முதல் ரெண்டு இடத்துல இருந்தவங்க கெட்டவங்கன்னு நான் சொல்லல. அவங்க கையில இருந்த விதியில எங்களுக்குப் பொருந்தற கட்டம் இல்லை, அவ்வளவுதான். அங்க ஒரு மாகாணத்துக்கே விதியை மாத்தி எழுதி அந்தக் கட்டத்தை உண்டாக்கினாங்க, ஒரே ஒரு வாரத்துக்கு. இங்க ஒரு டாக்டரம்மா தன் பொறுப்புல அதை உண்டாக்கினாங்க. அவங்க பேரைக்கூட அன்னிக்கு நான் கேட்டுக்கல.

அந்தப் படக் கவர் இன்னும் எங்க வீட்டு பீரோ மேலதான் இருக்கு. சித்தி எத்தனையோ தடவை தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க. மனசு வரலை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லைங்க, பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சுட்டு யாரும் தானா போய் ஸ்கேன் எடுக்கவும் வேண்டாம், எடுக்கச் சொன்னா வேண்டாம்னு மறுக்கவும் வேண்டாம். உங்க டாக்டரைக் கேளுங்க. உங்க வீட்டுலயும் இப்படி ஒரு கவர் இருந்தா, அதோட கதையை உங்க பதிவுல எழுதுங்க. கண்டிப்பா வந்து படிக்கிறேன்.